பேறுகாலப் பொடி

அத்தியாயம் பதினொன்று

பொடியில் ஏதோ இருக்கிறது என்று அன்னத்தாய் சொன்ன இடத்தில் போன வாரம் நின்றோம். அவள் அதை இரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது ஆவுடைநாயகம் பிள்ளையின் காதில். அவர்தான் வீட்டுக்காரர்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஆவுடைநாயகம் பாளையங்கோட்டைக் கச்சேரியில் நகல் குமாஸ்தா. மூத்த தாரம் பிரம்மநாயகிக்குப் பதினைந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. டில்லி தர்பார் நடந்த மறுவருஷம் அவளே நாங்குநேரிக்கு வண்டி கட்டிப் போனாள். தாயில்லாத தன் சித்தி மகள் சொர்ணாம்பாளைப் புருஷனுக்கு இரண்டாம் தாரமாகக் கேட்டாள். தட்டு மாற்றும்போது ஒரு பேச்சு ஆனது. தலைப்பிள்ளை ஆணோ பெண்ணோ, பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்ததும் பிரம்மநாயகியின் மடிக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் அது அவள் பிள்ளை. ஆவுடைநாயகம் சபையில் சரி என்றார். சொர்ணத்தை யாரும் கேட்கவில்லை.

பிறந்தது ஆண். இன்று பதினாறாம் நாள்.

பிரம்மநாயகி விடியுமுன்பே குளித்துவிட்டு அடுப்பு மூட்டினாள். பழைய பொடியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆகவே புதிதாக இடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பேறுகாலப் பொடி தாய்வீட்டிலிருந்து வரவேண்டியது. சொர்ணத்துக்குத் தாய்வீடு என்றால் அத்தை அன்னத்தாய்தான். அன்னத்தாய்க்குக் கை நடுக்கம். அதனால் முதல் பொடியையும் பிரம்மநாயகிதான் இடித்தாள்.

இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் ஒவ்வொன்றாக வறுத்தாள். மல்லி விதை, மிளகு, சீரகம், ஓமம். சுண்டைவற்றலைச் சட்டியில் போட்டதும் சடசடவென்று பொரிந்தது. மணத்தக்காளி வற்றல் உப்பி உருண்டது. சுக்கையும் திப்பிலியையும் முதலிலேயே தட்டிவைத்திருந்தாள். நிழலில் உலர்ந்த கறிவேப்பிலை கையில் நொறுங்க வேண்டும், நொறுங்கியது. பெருங்காயத்தைச் சட்டியின் ஓரத்தில் வைத்துப் பொரித்தாள். வேப்பம்பூவைக் கடைசியில் போட்டுக் கறுப்பாகும்வரை புரட்டினாள். அந்தப் புகை கண்ணில் ஏறியது.

உப்பு ஒரு கை அள்ளிப் போட்டாள். அளவு சரியா என்று பார்க்க வழியில்லை. பேறுகாலப் பொடியை இடிக்கிறவள் நாக்கில் வைக்கக் கூடாது. பெற்றவள் வாயில்தான் முதலில் பட வேண்டும். பெறாதவள் அதைத் தின்னவே கூடாது, தின்றால் வயிறு அடைத்துவிடும் என்பார்கள். பிரம்மநாயகி இந்தத் தெருவில் பதினோரு பேறுகாலத்துக்குப் பொடி இடித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவையாவது அதன் ருசி என்ன என்று அவளுக்குத் தெரியாது. பச்சை உடம்புக்காரிகள் வாயைத் திறந்து குறை சொல்லுகிற வழக்கமும் கிடையாது. கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்கள்.

புழக்கடையில் உரலைக் கழுவி இடிக்க ஆரம்பித்தாள். முற்றம் தெளிக்க வந்த இசக்கியம்மா துடைப்பத்தோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வேப்பம்பூவை ஆற்றங்கரையிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்தது அவள்தான்.

"ஆச்சி, எதுக்கு இந்தப் பாடு படுதிய? திங்கதுக்கு ஆளு வேண்டாமா?"

பிரம்மநாயகி உலக்கையை நிறுத்தினாள்.

"சின்ன ஆச்சி ஒரு நாளும் திங்கல. உருண்டை உருண்டையா சன்னல் வழியா வாழை மூட்டுக்கு எறியுது. எட்டு நாளா நாந்தான் கூட்டி அள்ளுதேன். காக்கா கூட அதைத் தொட மாட்டேங்கு."

"எட்டு நாளாத் தெரிஞ்சும் வாயைத் தொறக்கல பாரு."

"எனக்கு எதுக்கு ஆச்சி பெரிய வீட்டுப் பொல்லாப்பு? இன்னைக்கு ஒங்களப் பாத்தா வயித்தெரிச்சலா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பேறுகால அறை வீட்டின் கடைசியில். ஒற்றைச் சன்னல் வாழைமரங்களைப் பார்த்திருக்கும். பிரம்மநாயகி போய் அங்கே நின்றாள். உள்ளே சொர்ணம் பாயில் சுவரோடு சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயசு. முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சிணுங்கியது.

பொடியை ஏன் எறிகிறாய் என்று பிரம்மநாயகி நேராகக் கேட்டாள். சொர்ணம் பொய் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சொல்லவில்லை.

"பொடியில குத்தம் இல்லைன்னு எனக்குத் தெரியும்க்கா. கசக்கு, ஆனா குத்தம் இல்ல. தின்னா ஒடம்பு தேறிரும். தேறினா பிள்ளைய வாங்கிக்கிட்டு என்னை அடுக்களைக்கு அனுப்பிருவிய. இப்படியே கெடந்தா, இன்னும் ஒரு மாசம் போகட்டும்னாவது சொல்லுவாங்கல்லா."

"அதுக்கு எம் மேல பழி போடணுமா?"

"நான் போடல. அத்தை போட்டா. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்."

பிள்ளையை மறு மார்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நாங்குநேரியில நீ தட்டு வச்ச அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். ஒரு எட்டு உள்ள வந்து எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லிருப்பே?"

"அதை இப்ப எதுக்குக் கேக்கே?"

பிரம்மநாயகி திரும்பி உரலுக்கு வந்தாள். இந்தப் பேச்சை அப்படியே ஆவுடைநாயகத்திடம் கொண்டுபோயிருக்கலாம். போகவில்லை. இரக்கத்தால் இல்லை. இன்னும் சில மணி நேரத்தில் பிள்ளை தன் மடிக்கு வரப்போகிறது, அதற்குமேல் எதற்குச் சண்டை என்று நினைத்தாள். இடித்ததைப் பழைய மல் துணியில் சலித்து ஜாடியில் போட்டு வாயைக் கட்டினாள்.

உச்சிப் பொழுதுக்குள் தெருப் பெண்கள் வீட்டின் நடுக்கூடமான பட்டாசாலையில் கூடிவிட்டார்கள். நடு உத்தரத்தில் தொட்டில் கட்டியாயிற்று. ஆவுடைநாயகம் கச்சேரிக்கு லீவு போட்டிருந்தார். எந்தக் காரியத்தையும் சாட்சி வைத்துச் செய்கிறவர். வாக்குத் தவறாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயருக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார், அடுத்தவருடையதாக இருந்தால்.

அன்னத்தாய் இப்போது இரகசியம் பேசவில்லை. தன் அண்ணன் மகள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போகிறாள் என்றாள். பொடியை வாயில் வைத்தாலே குமட்டுகிறது, பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு என்றாள். யாரையும் தான் சொல்லவில்லை என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பிரம்மநாயகியைப் பார்த்தாள். பட்டாசாலை முழுவதும் பார்த்தது.

ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாயகி, அந்தப் பொடியைக் கொண்டா. சோறும் கொண்டா. எல்லாருக்கும் முன்னால நீ ஒரு பிடி தின்னு. பேச்சு அத்தோட முடிஞ்சு போகட்டும்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெறாதவளை அந்தப் பொடியைத் தின்னச் சொன்னால், இனி உனக்கு இல்லை என்று பட்டாசாலையில் வைத்துச் சொன்னதாகத்தான் அர்த்தம். ஆவுடைநாயகத்துக்கு அது தோன்றவில்லை. அல்லது தோன்றி, பரவாயில்லை என்று விட்டுவிட்டார். இரண்டில் எது என்று பிரம்மநாயகி அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

தின்றுவிட்டால் பிள்ளை வருகிறது. அவள் அடுக்களைக்குப் போனாள்.

காலையில் இடித்த ஜாடி அங்கே இருந்தது. முந்தின ஜாடி பேறுகால அறையில். அறைத் தீட்டு இன்னும் கழியவில்லை, உள்ளே போய் எடுக்க முடியாது. ஆகவே புது ஜாடியையே எடுத்துவந்தாள். எந்த ஜாடி என்று யாரும் கேட்கவில்லை. இலையில் சுடுசோறு வைத்து, பொடியைத் தூவி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தாள். பிடி பிடித்து வாயில் போட்டாள்.

கசந்தது. மருந்துக் கசப்பு இல்லை, கருகலின் கசப்பு. வேப்பம்பூவைத் தீயவிட்டிருக்கிறாள். சிவக்கும்போதே இறக்கியிருக்க வேண்டும், அது நாக்குக்கு உடனே தெரிந்தது. பதினோரு பேறுகாலம், பதினைந்து வருஷம், இதே மாதிரிதான் வறுத்திருக்கிறாள். ஒருத்தியும் சொல்லவில்லை. இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் நாலு பேர் இதைத் தின்றவர்கள். தன் கைப் பொடிக்காகத் தெருவே தன்னைத் தேடி வருகிறது என்று இத்தனை நாள் ஒரு எண்ணம் வைத்திருந்தாள். வந்தவர்கள் வேறு ஆள் இல்லாமல் வந்திருக்கிறார்கள்.

மென்று விழுங்கினாள். இரண்டாவது பிடியும் தின்றாள். யாரும் கேட்காமலே மூன்றாவதும் தின்றாள்.

"போதும்," என்றார் ஆவுடைநாயகம். அவர் முகம் தெளிந்துவிட்டது. "பாத்திய இல்லையா. இனிமே என் வீட்டுல இந்தப் பேச்சு கூடாது. நாங்குநேரியில சொன்ன சொல் சொன்னதுதான். சொர்ணத்தைக் குளிக்கச் சொல்லுங்க. பிள்ளைய எடுத்துட்டு வாங்க."

அன்னத்தாய்தான் உள்ளே போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். சொர்ணம் தடுக்கவில்லையாம். பிள்ளையின் கண்ணில் மை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தாளாம். அத்தைக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

பிரம்மநாயகி சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியை விரித்தாள். பிள்ளை வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனமில்லாமல் இருந்தது, சூடாக இருந்தது. பெண்கள் தாலாட்டுப் பாடினார்கள். ஆசீர்வாதம் செய்தார்கள், சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாழிகை நேரம் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த ஒரு நாழிகைதான்.

பிறகு பிள்ளை முகத்தைத் திருப்பி அவள் ரவிக்கையில் வாயைத் தேய்த்தது. கிடைக்கவில்லை என்றதும் அழுதது.

பால் கொடுத்து வாங்கிவரலாம் என்று எழுந்து அறைக்குப் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

முதலில் குளிக்கிறாள் என்று நினைத்தார்கள். தட்டினார்கள், கூப்பிட்டார்கள். அன்னத்தாய் கொஞ்சினாள், பிறகு திட்டினாள். பிள்ளை வீறிட்டது. பசும்பாலில் வெந்நீர் கலந்து துணித் திரியை நனைத்து வாயில் வைத்தார்கள். இரண்டு சொட்டு இறங்கியதும் கக்கியது. மறுபடி வைத்தார்கள். மறுபடி கக்கியது.

ஆவுடைநாயகம் வந்து கதவில் ஓங்கிக் குத்தினார். தேக்குக் கதவு. தச்சனைக் கூப்பிட்டு உடைக்கப் போவதாகச் சத்தம் போட்டார். அப்போதுதான் உள்ளேயிருந்து முதல் தடவையாகக் குரல் வந்தது.

"கதவ ஒடைக்கலாம். பாலை எதைக் கொண்டு ஒடச்சு எடுப்பிய?"

பதில் இல்லாத இடத்தில் நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. பட்டாசாலைக்குத் திரும்பிப் போய், வைத்தியரை வரச்சொல்லி யாரிடமோ ஆள் அனுப்பச் சொன்னார்.

வெயில் தாழ்ந்தது. போக வேண்டிய பெண்கள் போகவில்லை. இந்த மாதிரி நாளில் யாரும் சீக்கிரம் போக மாட்டார்கள். பிள்ளையின் அழுகை உடைந்து, கிணற்றுச் சகடை கிரீச்சிடுவது போல ஆகி, அப்புறம் விட்டுவிட்டு வந்தது. அழுகையைவிட அந்த இடைவெளிதான் பிரம்மநாயகிக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள்.

பிள்ளையோடு புழக்கடையைச் சுற்றிக்கொண்டு சன்னலுக்குப் போனாள். சன்னல் கதவும் சாத்தியிருந்தது. அந்தக் கதவில் வாயை வைத்துப் பேசினாள்.

"சொர்ணம். பைய எந்திரிச்சி வந்து தெற. பிள்ளைய நீயே வச்சிக்கோ. எனக்கு வேண்டாம்."

சொர்ணத்தின் குரல் மிகக் கிட்டத்தில் கேட்டது. சன்னலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வேண்டாம்னு சொன்னா அவங்க விடமாட்டாங்க அக்கா. சபையில சொன்ன சொல்லும்பாங்க. நாளைக்கு மறுபடி ஒன் மடியிலதான் கொண்டு போடுவாங்க. நானும் எத்தனை தடவை கதவைச் சாத்த?"

"வேற என்ன செய்யச் சொல்லுதே?"

"ஒம்மேல ஒரு குத்தம் இருக்கணும். அப்பதான் பிள்ளை எங்கிட்ட இருக்கும்."

பிரம்மநாயகிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"நான் எல்லாருக்கும் முன்னால தின்னாச்சேட்டி."

"நீ தின்னது வேற ஜாடி. என் ஜாடி இங்கன என் தலைமாட்டுல இருக்கு. அதை நீ தொடல. எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். மத்தவங்களுக்கும் சொல்லு."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் ஒன்று சொன்னாள். "எனக்கு மார் கட்டிக் கல்லா நிக்கி அக்கா. சீக்கிரம் முடிவு பண்ணு."

பிள்ளை ஒரு தடவை முனகியது. அப்புறம் முனகவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

பிரம்மநாயகி யாருக்காக அதைச் செய்தாள் என்று இந்தத் தெருவில் பல வருஷம் பேசுவார்கள். தியாகம் என்று சொல்லுகிறவர்களும் இருப்பார்கள். அவள் மனசில் அப்போது தியாகம் எதுவும் இல்லை. சொர்ணத்தின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கையில் இருந்த சூடு குறைந்துகொண்டே வந்தது, அதற்கு மாற்று அவள் உடம்பில் இல்லை.

பட்டாசாலைக்கு வந்து நடுவில் நின்றாள்.

"நான் தின்னது இன்னைக்கு இடிச்ச பொடி. சொர்ணத்துக்குக் குடுத்தது வேற. அது அவ அறையில இருக்கு. அதுல கலந்தது நாந்தான்."

முதலில் பயந்தது அன்னத்தாய். அவள் அந்தப் பழியை நம்பிச் சொன்னவள் இல்லை. பிள்ளை கைமாறுவதை நிறுத்த ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னாள். அது உண்மையாகி எதிரே வந்து நிற்பதைக் கண்டு வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். பொடி தின்ற நாலு பேரில் ஒருத்தி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

பேறுகால அறையின் தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. ஈரம் ஊறிய ரவிக்கையோடு சொர்ணம் நின்றாள். பிரம்மநாயகி போய்ப் பிள்ளையை நீட்டினாள். இரண்டு கை வந்து வாங்கிக்கொண்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே புரையேறுகிற சத்தமும், அப்புறம் விழுங்குகிற சத்தமும் கேட்டன.

ஆவுடைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் அடிக்கவில்லை. மேசை மேல் இருந்த மைக்கூட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு தாளை எடுத்து மடிப்பை நீவினார். வாக்கு இப்போது அவரைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த நிம்மதி அவர் தோளில் தெரிந்தது.

"என்ன கலந்தே?" என்று கேட்டார்.

பிரம்மநாயகி அதை யோசித்திருக்கவில்லை. அடுக்களையில் இருக்கிற ஜாடிகளையும் பானைகளையும் ஓலைக் கொட்டான்களையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மிளகு, சுக்கு, ஓமம், திப்பிலி. எல்லாம் உடம்பைத் தேற்றுகிற சாமான்கள். ஆளைக் கெடுக்கிற சாமான் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை.

"கேக்கேன்லா," என்றார் அவர். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார்.